பின் சக்கரக் கணக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். தேக்கு நிலைக்கதவு, எனாமல் பூசிய மங்குச் சட்டி, வெண்கலப் பானை, ஆளுயரக் கண்ணாடி என்று எது வந்தாலும் எது போனாலும் என் பேரேட்டில் ஒரு வரி ஏறிவிடும். அந்தப் பழக்கத்தில் வீட்டுக்கும் ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் என் சைக்கிளுக்காக ‘பின் சக்கரம்’ என்ற தலைப்பில் தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. பதினொரு மாதத்தில் 6,100 ரூபாய் பற்று. வரவுப் பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. அறுந்த கம்பி, ஒடிந்த அச்சு, பொருந்தாத சக்கரம், சில்லு பெயர்ந்த மங்கு அடுக்கு என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் வரும்போது என் மனைவி ஒன்றும் சொல்லாமல் இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டிவிடுவாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

வீடு பள்ளத்தூரில். கடைக்கு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். பல ஆண்டுகளாக பஸ்ஸில்தான் போய்வந்தேன். சர்க்கரை ஏறியிருக்கிறது, நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னபோது என் எடை 91 கிலோ. நடக்க நேரமில்லை, சைக்கிள் என்றால் கடைக்குப் போனது போலவும் ஆயிற்று என்று முடிவு செய்தேன். மைத்துனர் மகனைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். அவன் கல்லூரியில் படிக்கிறவன். “டிஸ்க் பிரேக்கே எடுங்கள் மாமா, மழையிலும் நிற்கும்” என்றான். அது உண்மைதான், இன்றும் அதில் எனக்குக் குறை இல்லை. 16,500 ரூபாய், பின்னால் ஏழு கியர், 700சி அளவில் 38 மில்லிமீட்டர் டயர், கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக். பிரேக் பிடித்துப் பார்த்தேன், கியர் மாற்றிப் பார்த்தேன், சீட்டை அழுத்திப் பார்த்தேன். சக்கரத்தைத் தொடவே இல்லை. பெண் பார்க்கப் போனவன் வாசல் கோலத்தைப் புகழ்ந்துவிட்டு வந்த கதைதான்.

வாங்கியது ஜூன் மாதம். செப்டம்பரில் ஒரு நாள் கோட்டையூர் தாண்டும்போது பின்னால் ‘டிங்’ என்று ஒரு சத்தம். கல் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். இறங்கிப் பார்த்தேன், டயரில் காற்று இருந்தது, பிரேக் பிடித்தது, வண்டி ஓடியது. ஏறிப் போய்விட்டேன். மறுநாள் இன்னொரு ‘டிங்’. நான்காம் நாள் சக்கரம் பாம்பு போல நெளிந்துகொண்டு சட்டத்தில் உரசி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் சக்கரத்தின் ஆரக் கம்பிகளில் மூன்று அறுந்து தொங்குகின்றன. சைக்கிளோடு என்னையும் ஏற்றிக்கொண்டு காரைக்குடி போக ஆட்டோக்காரர் 350 ரூபாய் வாங்கினார்.

டிஸ்க் பிரேக் பற்றி எனக்கு யாரும் சொல்லாத முதல் விஷயம் இதுதான். என் அப்பா ஓட்டிய பழைய சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மைத்தான் பிடிக்கும். ஒரு கம்பி தளர்ந்தால்கூட ரிம் ஒரு பக்கம் சாய்ந்து கட்டையில் உரசும். ‘சர் சர்’ என்று சத்தம் வரும். அன்று மாலையே கடையில் விட்டுக் கோட்டம் எடுப்பார். டிஸ்க் பிரேக்கில் ரிம்மின் அருகே எதுவுமே இல்லை. பிரேக் பிடிப்பது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்போடு சேர்ந்த தட்டை. அதனால் ரிம் ஒரு விரல்கடை ஆடினாலும் பிரேக் பழையபடி பிடிக்கும். ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. சக்கரத்துக்கு வந்த நோயைக் காட்டிக்கொடுக்க அங்கே ஆளில்லை. ஒரு கம்பி அறுந்தால் அதன் சுமையும் பக்கத்துக் கம்பிகள் மேல் விழும். அவையும் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். ஆகவே டிஸ்க் சைக்கிள் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை பின் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, சட்டத்துக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி மாறுகிறதா என்று பாருங்கள். கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். ஒரு நிமிடம் ஆகாது. நான் அதைச் செய்திருந்தால் முதல் ‘டிங்’ அன்றே, 80 ரூபாயோடு முடிந்திருக்கும்.

அதன் பிறகு வந்த நான்கு மாதத்தில் நான்கு முறை கம்பி மாற்றினேன். 80, 120, 150, 150. மொத்தம் 500 ரூபாய். தொகை பெரிதில்லை, ஒவ்வொரு முறையும் அரை நாள் போயிற்று, முதலாளியின் முகமும் போயிற்று. “கணக்கப்பிள்ளை, இன்றைக்கும் சக்கரமா?” என்பார். மூன்றாவது முறை மாற்றியவர் கையில் இருந்த நீளமான கம்பியைப் போட்டுவிட்டார். அதன் நுனி, கம்பியை ரிம்மோடு பிடிக்கும் நிப்பிளைத் தாண்டி ரிம்முக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. ஒரே வாரத்தில் மூன்று பஞ்சர். எங்கள் பக்கம் சாலையோரம் எல்லாம் சீமைக் கருவேல் என்பதால் பஞ்சர் என்றாலே முள்தான் என்று எண்ணிவிடுவோம். டயரைத் தடவித் தடவி முள்ளைத் தேடினேன். கடைசியில் பஞ்சர் ஒட்டும் பையன்தான் டியூபைத் திருப்பிக் காட்டினான்: ஓட்டை தரைப் பக்கம் இல்லை, ரிம் பக்கம் இருக்கிறது. டியூபின் உட்புறத்தில் ஓட்டை விழுந்தால் முள்ளைத் தேடாதீர்கள். ரிம் நாடாவை விலக்கிக் கம்பி நுனியைத் தேடுங்கள்.

ஏன் இப்படி அறுகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எடை அதிகம் என்றார் ஒருவர். டிஸ்க் பிரேக் போட்டாலே கம்பி அறும் என்றார் இன்னொருவர். சாலை சரியில்லை என்றார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் காரணம் அதுவல்ல என்பது பிறகுதான் விளங்கியது. அறுந்த கம்பிகளை நான் தூக்கிப் போடவில்லை (தொழில் புத்தி, பழையது எதையும் எறிய மனம் வராது). எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அத்தனையும் ஒரே இடத்தில் அறுந்திருந்தன: ஹப் ஓட்டைக்குள் நுழைந்து வளையும் முழங்கையில். அத்தனையும் கியர் பற்கள் இருக்கும் வலப் பக்கத்துக் கம்பிகள்.

என் பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் 2 மீட்டர் 18 சென்டிமீட்டர் போகும். சாக்கட்டியால் கோடு போட்டு அளந்தேன். நாளுக்கு 20 கிலோமீட்டர் என்றால் ஒன்பதாயிரம் சுற்றுக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் கீழே வரும்போது கொஞ்சம் தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகும். நன்றாக முறுக்கிக் கட்டிய சக்கரத்தில் இந்தத் தளர்வு கம்பிக்கு ஒரு பொருட்டே இல்லை. தொழிற்சாலையில் அவசரமாகக் கட்டிய மலிவுச் சக்கரத்தில் முறுக்கம் போதாது, ஒரே சீராகவும் இருக்காது. ஒரு கம்பி வீணைத் தந்தி போல் நிற்கும், பக்கத்தில் இருப்பது துணி காயப்போடும் கொடி போல் தொங்கும். தளர்ந்த கம்பி நாளுக்கு ஒன்பதாயிரம் முறை முழங்கையில் அசைந்து கொடுக்கும். கட்டுக்கம்பியை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்பதில்லையா, அதேதான், மெதுவாக நடக்கிறது. எடை கூடினால் சீக்கிரம் நடக்கும். டிஸ்க்கின் பங்கு என்னவென்றால், பழைய பிரேக் ரிம்மையே நேராகப் பிடித்து நிறுத்தியது. கம்பிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. டிஸ்க்கில் நடுவிலே பிடித்த பிடியை ரிம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது கம்பிகள்தான். அதனால்தான் டிஸ்க் சக்கரத்தில் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும்படி பின்னுகிறார்கள். சூரியக் கதிர் போல நேராகப் போகும் பின்னல் டிஸ்க் பக்கத்துக்கு ஆகாது. அழகாக இருக்கிறதே என்று அப்படிப்பட்ட சக்கரத்தை வாங்கிவிடாதீர்கள்.

நடுவில் பிரேக் பற்றியும் ஒரு கிளைக்கதை. டிஸ்க் கீச்சிடுகிறது என்று சொன்னேன். செயினுக்கு எண்ணெய் போட்டவர், இதுக்கும் கொஞ்சம் இருக்கட்டும் என்று தட்டு மேலும் இரண்டு சொட்டு விட்டுவிட்டார். சத்தம் உடனே நின்றது, எனக்கும் சந்தோஷம். அன்று மாலை கோட்டையூர் அருகே ஓர் எருமை குறுக்கே வந்தபோது பிரேக்கை முழுதாக இழுத்தும் வண்டி தன்பாட்டுக்குப் போயிற்று. எருமைதான் ஒதுங்கியது. பிரேக் கட்டை எண்ணெயைக் குடித்துவிட்டால் அவ்வளவுதான், புதிது மாற்ற வேண்டும்: 450 ரூபாய். தட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக்கொள்ளலாம். இப்போது சைக்கிளை எந்தக் கடையில் விட்டாலும் முதலில் சொல்வது, தட்டுப் பக்கம் எண்ணெய் வேண்டாம் என்பதுதான்.

ஜனவரியில் பொறுமை போய்விட்டது. சக்கரத்தையே மாற்றிவிடலாம் என்று ஒரு கடையில் 1,900 ரூபாய்க்குக் கட்டிய சக்கரம் வாங்கினேன். “தடித்த கம்பி சார், லோடு வண்டிக்குப் போடுவது” என்றார்கள். முப்பத்தாறு கம்பி, தொட்டுப் பார்த்தால் நிஜமாகவே தடிமன். மனம் நிறைந்து போயிற்று. அதே மாதம் தைப்பூசத்துக்காகப் பழனிக்கு நடந்து போகும் கூட்டத்தின் நடுவே மணி அடித்துக்கொண்டு போனபோது, முருகா, சக்கரத் தொல்லை தீர்ந்தது என்றுகூட நினைத்தேன். கம்பி அறவில்லைதான். மே மாதம் அச்சு ஒடிந்தது.

அன்று கேரியரில் கானாடுகாத்தானில் ஒரு வீட்டிலிருந்து எடுத்த மங்கு அடுக்கு இருந்தது. நான்கு அடுக்கு, வெளியே நீலம், உள்ளே வெள்ளை, ஓரத்தில் பச்சைக் கோடு. அந்த வீட்டு ஆச்சி அதைக் கொடுக்கும்போது முந்தானையால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தார்கள். பழைய துணி சுற்றிக் கட்டித்தான் வைத்திருந்தேன். பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் ‘மடக்’ என்று ஒரு சத்தம். சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுக்கு தெறித்துத் தார்ச்சாலையில் உருண்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அடுக்கின் மேல் மூடியில் மங்கு பெயர்ந்து, உள்ளே இருக்கும் கறுப்பு இரும்பு ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தெரிந்தது. முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் 600 ரூபாயைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அந்தச் சில்லைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தேன், ஒட்டிவிடலாம் என்ற நினைப்பில். மங்கில் போனது ஒட்டாது என்பது பதினெட்டு வருஷமாக அதை விற்கிற கடையில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாததா?

ஒடிந்த அச்சைக் கையில் வைத்துப் பார்த்தபோது இன்னொரு பாடம். என் சைக்கிளின் கியர் பற்கள் ஹப்பின் வெளியே திருகி மாட்டும் பிரீவீல் வகை. அதில் வலப்பக்கத்துப் பால்ரஸ் ஹப்புக்குள்ளேயே நின்றுவிடும். அதற்கும் சட்டத்துக்கும் நடுவில், ஏழு பல்சக்கரமும் இருக்கும் தூரம் முழுக்க, அச்சு எந்தத் தாங்கலும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. எடை முழுக்க அந்த இடத்தில் இறங்குகிறது. என்னுடையது சரியாக அங்கேதான் ஒடிந்தது. கேசட் வகை ஹப்பில் பல்சக்கரங்கள் ஹப்போடு சேர்ந்த உருளை மேல் ஏறுகின்றன. பால்ரஸ் அந்த உருளையின் வெளி ஓரம் வரை வந்துவிடுகிறது. அச்சுக்கு ஆதாரம் சட்டத்தின் அருகிலேயே கிடைக்கிறது. உடம்பு கனத்தவர்களும் கேரியரில் சுமை வைப்பவர்களும் பின் சக்கரம் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி கம்பி எத்தனை என்பதல்ல. பிரீவீலா, கேசட்டா என்பதுதான். தடித்த கம்பியைப் பார்த்து மயங்கியதும் தவறு. தடித்த கம்பி கொஞ்சமாகத்தான் இழுபடும். ரிம் சற்று அமுங்கினாலே முறுக்கத்தை இழந்துவிடும், நிப்பிள் தானாகக் கழன்றுவரும். வழக்கமான 2 மில்லிமீட்டர் கம்பி, நன்றாக முறுக்கிக் கட்டியிருந்தால், எனக்குப் போதும் என்பதைப் பிறகு கண்டுகொண்டேன்.

இத்தோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நல்ல சரக்கு உள்ளூரில் கிடைக்காது என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. இணையத்தில் தேடி, டிஸ்க் பிரேக்குக்கான பின் சக்கரம், 29 அங்குலம், இரட்டைச் சுவர் ரிம், கறுப்புக் கம்பி இருபத்தெட்டு என்று 4,800 ரூபாய்க்கு ஒன்றை வரவழைத்தேன். 700சி என்பதும் 29 அங்குலம் என்பதும் ரிம் அளவில் ஒன்றே, இரண்டும் 622 மில்லிமீட்டர்தான் என்று படித்துவிட்டுத்தான் வாங்கினேன். அது சரியாகவே இருந்தது. பெட்டியைப் பிரித்த சந்தோஷத்தில், முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து டயர், டியூப் எல்லாம் மாட்டிக் காற்றும் அடித்துவிட்டேன். சட்டத்தில் வைக்கப் போனால் நுழையவில்லை. என் சட்டத்தில் இருப்பது 10 மில்லிமீட்டர் அச்சு உட்காரும் திறந்த வாய். இரண்டு வாய்க்கும் இடைவெளி 135 மில்லிமீட்டர். வந்த சக்கரமோ 12 மில்லிமீட்டர் தண்டை ஊடே செலுத்தித் திருகும் வகை, அகலம் 142. டிஸ்க் மாட்டும் இடமும் வேறு: என்னுடைய தட்டு ஆறு திருகில் நிற்பது, அதில் ஷிமானோ கம்பெனி கொண்டுவந்த சென்டர்லாக் வரிப் பல் இருந்தது. டயர் ஏற்றி அழுக்கான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டு வாரம் அலைந்து 2,500 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். 2,300 நட்டம்.

சக்கரம் தனியாக வாங்குகிறவர்கள் பழைய சக்கரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு உட்காருங்கள். டயரின் பக்கவாட்டில் 38-622 என்பது போல இரண்டு எண் இருக்கும். பின்னால் வருவதுதான் ரிம் அளவு, அங்குலக் கணக்கை நம்ப வேண்டாம். சட்டத்தின் இரண்டு வாய்க்கும் உள்ளே உள்ள இடைவெளியை இரும்பு ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். அச்சு நட்டு போட்டு இறுக்குவதா, நெம்புகோல் மடக்குவதா, ஊடே செலுத்தித் திருகுவதா என்று பாருங்கள். டிஸ்க் ஆறு திருகா, வரிப் பல்லா என்று பாருங்கள். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். வந்த பிறகும், டயர் மாட்டுவதற்கு முன்னால் வெறும் சக்கரத்தை ஒருமுறை சட்டத்தில் வைத்துப் பாருங்கள். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு பழைய கதவு வாங்கினால் நிலையை மூன்று இடத்தில் அளக்காமல் வண்டியில் ஏற்ற விடமாட்டேன்.

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் கடைக்குப் பக்கத்துத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர். இத்தனை நாள் அவரிடம் போகாததற்குக் காரணம், கடை வாசலில் எப்போதும் பழைய கறுப்புச் சைக்கிள்களாகவே நிற்கும். டிஸ்க் எல்லாம் அவருக்குத் தெரியாது என்று நானே தீர்மானித்திருந்தேன். என் அறுந்த கம்பிகளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்றை எடுத்து முழங்கையை வெளிச்சத்தில் பார்த்தார். “தம்பி, இது கம்பி கோளாறு இல்லை. கட்டினவன் கோளாறு” என்றார். முன்னால் 32, பின்னால் 40 கம்பி போட்ட சக்கரங்களை ஆயிரக்கணக்கில் கட்டியவர். அரிசி மூட்டை ஏற்றிப் போன சைக்கிளுக்கெல்லாம் பின்னால் எட்டுக் கம்பி ஏன் கூட என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. “டிஸ்க் வைத்தது நான் கட்டினதில்லை” என்றார். “ஆனால் சக்கரம் சக்கரம்தானே அண்ணே?” என்று கேட்டேன், அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்வது போல. சிரித்துவிட்டு, சாமான் வாங்கி வரச் சொன்னார்.

சாமான் மதுரையிலிருந்து வந்தது. முப்பத்தாறு ஓட்டை, ஆறு திருகு டிஸ்க், 135 மில்லிமீட்டர் அகலம் கொண்ட கேசட் ஹப் 2,200. இரட்டைச் சுவர் ரிம் 1,700. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பித்தளை நிப்பிளோடு, ஒன்று 22 ரூபாய் வீதம் நாற்பது, 880. ஏழு கியர் கேசட்டும் அதற்குப் பின்னால் போடும் 4.5 மில்லிமீட்டர் வளையமும் சேர்த்து 900; ஹப்பின் உருளை எட்டு முதல் பத்து கியருக்கானது என்பதால் ஏழுக்கு அந்த வளையம் வேண்டும், இல்லையென்றால் கேசட் ஆடும். கூலி 700. ஆக 6,380. அலுமினிய நிப்பிள் லேசாக இருக்கும் என்றார்கள். மழையிலும் வியர்வையிலும் கம்பியோடு பிடித்துக்கொண்டு, திருகும்போது உடையும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். ஹப்பில் மூடிய பேரிங் வகையும் இருந்தது. நான் பழைய கப்பும் கோனும் உள்ளதையே எடுத்தேன். பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலப் பால்ரஸ். எந்த ஊர்க் கடையிலும் கிரீஸ் மாற்றித் தருவார்கள். வேறு ஊரில் இருந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேனோ என்னவோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பக்கத்துக் கம்பிக்கும் நீளம் ஒன்றல்ல, இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் என்பதை அங்கேதான் கண்டேன். ஒவ்வொரு கம்பியின் மரையையும் எண்ணெயில் தொட்டு எடுத்தார். ஒரு கம்பி மற்ற மூன்றை வெட்டிப் போகும்படி பின்னினார். பிறகு கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கிக்கொண்டே வந்தார். ஒரே இடத்தில் அவசரப்படவில்லை. சக்கரத்தைச் சட்டத்தில் மாட்டிப் பார்ப்பார், கழற்றித் திருப்பி மாட்டிப் பார்ப்பார். இரண்டு விதமாக மாட்டினாலும் ரிம் நடுவில் நின்றால்தான் சரி என்றார். அதற்குப் பிறகு செய்ததைத்தான் என் பழைய சக்கரங்களுக்கு யாரும் செய்யவில்லை. பக்கத்துப் பக்கத்தில் உள்ள கம்பிகளை இரண்டு கையாலும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து, முகம் சிவக்க அமுக்கினார். சக்கரத்துக்குள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தது. எனக்குப் பகீர் என்றது. “இப்போதுதான் கம்பி தன் இடத்தில் உட்காருகிறது. இங்கே சத்தம் போட்டால் ரோட்டில் போடாது” என்றார். மறுபடி கோட்டம் எடுத்தார், மறுபடி அமுக்கினார், சத்தம் வராத வரைக்கும். கடைசியில் நிப்பிள் சாவியால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக் கேட்டார். வலப் பக்கம் எல்லாம் ஒரே சுருதி. இடப் பக்கம் எல்லாம் அதைவிடக் கொஞ்சம் தாழ்ந்த ஒரே சுருதி. வலப் பக்கம் கியர்களுக்கு இடம் விட்டு ஹப்பின் விளிம்பு உள்ளே தள்ளியிருப்பதால் அந்தப் பக்கம் முறுக்கம் எப்போதும் கூட இருக்கும். வித்தியாசம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கலாம், கம்பிக்குக் கம்பி இருக்கக் கூடாது.

எனவே கடையில் கட்டிய சக்கரமே வாங்குவதானாலும் ஒரு பென்சிலால் தட்டிப் பாருங்கள். ஒரே பக்கத்தில் ஒன்று ‘டங்’ என்றும் ஒன்று ‘டொக்’ என்றும் சொன்னால், ஒன்று வேறு சக்கரம் கேளுங்கள், அல்லது வாங்கிய அன்றே நல்ல கை ஒன்றிடம் கொடுத்து முறுக்கி வாங்குங்கள். புதுச் சைக்கிளுக்கும் இதே பேச்சுதான். என் பழைய சக்கரத்தை முதல் வாரத்தில் அவரிடம் கொடுத்திருந்தால் 300 ரூபாயில் முறுக்கித் தந்திருப்பாராம், பெரியவர் பின்னொரு நாள் சொன்னார். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

முன் சக்கரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று தோன்றலாம். அதன் மேல் எடை குறைவு. பழையதையே முறுக்கி வாங்கினேன், ஓடுகிறது. காற்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் டயர் கல்லாக வேண்டும் என்று அடிக்கச் சொல்வேன். இப்போது பின்னால் 60, முன்னால் 50 பி.எஸ்.ஐ. 38 மில்லிமீட்டர் டயரில் அந்த அளவு, பள்ளத்தின் அடியை டயரே வாங்கிக்கொள்ள விடுகிறது. கனமான வெண்கலம் எதுவும் இப்போது கேரியரில் ஏறுவதில்லை. அதற்கு முதலாளியின் வேன் இருக்கிறது.

புதுச் சக்கரம் ஏறிப் பதினான்கு மாதம் ஆகிறது. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல். முதல் வாரம் ஓட்டிய பிறகு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டச் சொன்னார், காட்டினேன். இரண்டு நிப்பிளில் கால் சுற்று வைத்தார். ஐப்பசி மழை முடிந்ததும் பால்ரஸுக்குக் கிரீஸ் மாற்றினோம். அவ்வளவுதான். உபரியாக வாங்கிய நான்கு கம்பியையும் சட்டத்தோடு சேர்த்துக் கறுப்பு நாடாவால் சுற்றி வைத்திருக்கிறேன். போன வாரம் முதலாளி அதைத் தொட்டுப் பார்த்து, “கணக்கப்பிள்ளை, இது எப்போது உதவும்?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நோட்டில் 88 ரூபாய், இன்னும் கையிருப்பு என்றே காட்டியிருக்கிறேன்.